உடம்புக்கு ஒரு காரணம் வேண்டுமாம்

என்னை வரவேற்பு மேசையிலிருந்து எழுப்பிப் பின்னறைக்கு அனுப்பிய நாளில் மனேஜர் எனக்கு ஒரு தேத்தண்ணீர் வரவழைத்துத் தந்தார். சீனி போடாத தேத்தண்ணீர். நான் அப்படிக் கேட்கவில்லை. அவராகவே குசினிக்கு அழைப்பெடுத்து, "மிஸ்ஸுக்குச் சீனி வேண்டாம்" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"குறையா நினைக்காதேங்கோ மிஸ். வந்து இறங்கிற ஆக்கள் முதல்ல பாக்கிறது முன்மேசையைத்தான். உங்களுக்கும் நிண்டு நிண்டு களைப்பு. பின்னால இருந்து புக்கிங்குகளைப் பாருங்கோ. ஃபேன் இருக்கு."

நிலாவெளியில் கடலைப் பார்த்து நிற்கும் ஹோட்டல் அது. அந்த மேசையில் நான் பல வருடங்களாக நின்றிருக்கிறேன். அறைச் சாவி தொலைத்தவர்கள், வயிற்றோட்டம் பிடித்தவர்கள், புறாத்தீவுக்குப் போகப் படகு கிடைக்காமல் கத்தியவர்கள் எல்லோரையும் மூன்று மொழியில் சமாளித்திருக்கிறேன். ஒருநாளும் எனக்குக் களைப்பு என்று நான் சொன்னதில்லை. அன்றைக்கு என் களைப்பை அவர் கண்டுபிடித்தார்.

பின்னறை, துணி தோய்க்கிற இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்தது. யன்னல் இல்லை. நான் அந்தக் கசப்புத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன், "ஓம் சேர்" என்று சொன்னேன், என் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் அந்தத் தேத்தண்ணீரை அவருடைய மேசையில் ஊற்றியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அவர் சொன்னது நியாயம் என்றுதான் நானும் நம்பினேன். என் உடம்புக்கு நான்தான் குற்றவாளி என்று எல்லோரும் சேர்ந்து என்னை நம்பவைத்திருந்தார்கள்.

நான் முன்பு மெலிந்தவள். இந்த வரியை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. முன்பு மெலிந்திருந்தேன் என்று சொன்னால்தான் வாசிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்படுவார்கள் என்ற பயம் இன்னும் என் கையில் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்ல அது தேவைப்படுகிறது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், மூச்சிரைப்பு நோய். மாரி தொடங்கினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அது கடுமையாகிவிட்டது. ஒரு தடவை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்காக வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, என் கணவர் என்னை ஓட்டோவில் ஏற்றி, துறைமுகத்துக்குப் போகிற வீதியிலிருந்த ஒரு டொக்டரின் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும் மனிதர். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சனம் வந்து வெளியே போட்ட நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும். அவர் ஒரு ஊசி போட்டார். ஒரு சின்னக் கடதாசி உறைக்குள் வெள்ளைக் குளிசைகள் சில போட்டுக் கொடுத்தார். உறையின் மேல் காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்பது மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் டொக்டரிடம் மருந்தின் பெயர் கேட்பது, ஐயரிடம் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்பது மாதிரி.

அந்தக் குளிசை அதிசயம் செய்தது. அடுத்த நாள் நான் படிக்கட்டு ஏறினேன். பஸ்ஸுக்கு ஓடினேன். அதற்குப் பிறகு முட்டு தலைகாட்டும்போதெல்லாம் அங்கே போனேன். பிறகு முட்டு வராவிட்டாலும், வந்துவிடும் என்ற பயத்தில் போனேன். அவரும் மறுக்காமல் தந்தார். வருடங்கள் அப்படிப் போயின.

பசி வந்தது. வெறும் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி வயிற்றைக் கிள்ளுகிற பசி. முகம் உருண்டது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கணவரின் அக்கா, என் பெரிய மச்சாள், கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் ஒரு பொம்பிளை மாதிரி வடிவா இருக்கிறாய். முந்தி ஈர்க்கில் மாதிரி" என்றார். எந்த நாளில் அந்த வடிவு குற்றமாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருந்திருக்கிறது. நான் அதைத் தாண்டிய பிறகுதான் எல்லோரும் ஒன்றாகக் கத்தத் தொடங்கினார்கள்.

வயிறு முன்னால் வந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு திரட்சி. கையும் காலும் மட்டும் முன்பு போலவே மெலிந்திருந்தன. அடிவயிற்றில் ஊதா நிறத்தில் கோடுகள், ஏதோ பிராண்டியது போல. குளிக்கும்போது அதைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் பழகினேன்.

பஸ்ஸில் ஒரு நாள் மூன்று பேர் இருக்கிற சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கொண்டக்டர் சனத்துக்குள்ளால் வந்து என்னைப் பார்த்து, "அக்கா, இன்னொரு டிக்கெட் எடுங்கோ, அல்லது ஒராளுக்கு இடம் விடுங்கோ" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். அவளுடைய மீன் கூடைதான் பாதிச் சீட்டைப் பிடித்திருந்தது. ஆனால் மீன் கூடையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கநகரில் பெரிய மச்சாளின் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. அவர் நன்றாகச் சமைப்பார். நண்டுக் குழம்பு வைத்தால் தெரு முனையிலேயே வாசனை வரும். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுத் தருவதும் அவர்தான், அந்தச் சோற்றை நான் வாயில் வைக்கும்போது கண்ணால் எண்ணுவதும் அவர்தான்.

"ராத்திரியிலயும் சோறுதானோ?"

"இல்லை மச்சாள், ரெண்டு இடியப்பம்."

"ரெண்டு இடியப்பத்தில இந்த உடம்பு வருமோ? ஆருக்குக் கதை சொல்லுறாய்?"

எல்லோரும் இருப்பார்கள். என் பிள்ளைகள் இருப்பார்கள். என் கணவர் தன்னுடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் துறைமுகத்து வேர்க்ஷொப்பில் வேலை செய்கிறவர். வெல்டிங் செய்கிறவருக்குக் கண்ணை மறைக்கத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் அழுதால், "அக்கா நல்லதுக்குத்தானே சொல்லுறா" என்பார். அந்த "நல்லதுக்கு" என்ற சொல்லைப் போல் என்னைக் காயப்படுத்திய கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. பழிப்பவர்களை ஒதுக்கிவிடலாம். நல்லதுக்குச் சொல்கிறவர்களுக்குக் கோப்பி வைத்துக் கொடுக்க வேண்டும்.

கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். வெந்தயம் விழுங்கினேன். வெறும் வயிற்றில் தேசிக்காய்ப் புளி குடித்துக் குடல் எரிந்தது. விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால், களவாகச் சாப்பிடுகிறாள் என்றார்கள்.

கடைசியில் அந்த டொக்டரிடமே கேட்டேன். "டொக்டர், நான் பெரிசாச் சாப்பிடுறேல்லை. ஏன் இப்பிடி உடம்பு வைக்குது?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "வாயைக் கட்டினா எல்லாம் சரிவரும். இடம்பெயர்ந்து முகாமில இருந்த காலத்தில மொத்தமான ஒராளைக் கண்டனீங்களோ?"

வாங்கில் காத்திருந்தவர்களுக்கும் அது கேட்டது. யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

போர்க் காலத்தில் நான் முகாமில் இருந்தவள். சின்னப் பிள்ளையாக, பருப்பும் கோதுமை மாவும் வாங்க வெயிலில் வரிசையில் நின்றவள். என் தம்பிக்குப் பால்மா கிடைக்காமல் அம்மா தேத்தண்ணீரைச் சங்கில் ஊற்றியதைப் பார்த்தவள். அந்தப் பசியை ஒரு நல்ல வைத்தியம் போல அந்த மனிதர் எனக்கு எடுத்துக்காட்டினார். சொல்லிவிட்டு, கையை நீட்டி, அதே கடதாசி உறைக்குள் அதே வெள்ளைக் குளிசைகளைப் போட்டுத் தந்தார்.

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. மருந்து வேண்டாம் என்று யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. அந்த வாங்கில் இருந்தவர்களின் முகத்தில் மறுபடி முழிக்க எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். வீட்டில் மிச்சமிருந்த குளிசைகளையும் அலுமாரிக்குள் தள்ளி வைத்தேன். சாப்பாட்டையும் குறைத்தேன். காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் கொஞ்சம் கீரை, இரவில் ஒரு வாழைப்பழம்.

இந்தத் தடவை உடம்பு இறங்கியது. எழும்பினால் தலை சுற்றியது. காலில் பலமில்லை. குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. தலை இழுக்கக் கையைத் தூக்கினால் சீப்பு கனத்தது. ஊருக்கோ ஒரே கொண்டாட்டம். "வத்திக்கொண்டு வாறாய். நல்லம், விட்டிடாதை" என்று பெரிய மச்சாள் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். ஹோட்டலில் மனேஜர் பின்னறைக்கு வந்து எட்டிப் பார்த்து, "கீப் இட் அப் மிஸ்" என்றார். பஸ்ஸில் ஒருத்தி, என்ன செய்கிறீர்கள் என்று இரகசியம் கேட்டாள். நான் செத்துக்கொண்டிருந்தேன். சாவு என் இடுப்பைக் குறைத்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு நாள் பகல் பின்னறையில் கதிரையை விட்டு எழும்பியதுதான் நினைவு. துணி தோய்க்கிற அம்மா என்னைத் தரையில் கண்டு கத்தியிருக்கிறார். "டயட்டில மயங்கிட்டா" என்று மனேஜர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது, "ரெண்டு பேர் காணாது, கிரேன்தான் வேணும்" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. கண் திறக்க முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் காதுதான் கடைசியாகச் சாகும்போலிருக்கிறது.

வார்டில் என்னைப் பார்த்தவர் ஒரு சிங்கள டொக்டர். இளம் பெண். தமிழைப் படித்துப் பேசுகிறவர். என் முகத்தைப் பார்த்தார். கழுத்துக்குப் பின்னால் தொட்டார். சட்டையை விலக்கி வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். நான் வெட்கத்தில் துணியை இழுத்து மூடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அம்மா, நீங்க ஏதாவது குளிசை ரொம்பக் காலம் குடிச்சீங்களா?"

"முட்டுக்கு."

"என்ன குளிசை?"

"தெரியாது. வெள்ளை."

"நிப்பாட்டினீங்களா?"

"ஓம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். என் கணவரை வீட்டுக்கு அனுப்பி, அலுமாரியில் கிடந்த உறைகளை எடுத்துவரச் சொன்னார். அதற்குள் சேலைன் ஏற்றி ஊசியும் போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். உறைகள் வந்தன. குளிசையில் அச்சடித்திருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு அவர் பொறுமையாக விளக்கினார். அது ஸ்டீரோய்ட் வகை மருந்து. உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. வருடக்கணக்கில் விழுங்கினால் பசியைக் கிளப்பும், முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைக் கொண்டுபோய் வைக்கும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். அப்போது திடீரென்று நிறுத்தினால் ஆள் விழுந்துவிடும். விழுந்தவள் எழும்பாமலும் போகலாம்.

அவர் பேசி முடித்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்ப, சாப்பாட்டால வந்ததில்லையோ டொக்டர்?"

"இல்ல."

அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தபோது வந்த நிம்மதி வேறு, அதை நான் முன்பே பார்த்துவிட்டேன். இது தன் மனைவி குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்த நிம்மதி. அவர் என் தலையைத் தடவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவரை தடவாத தலை அது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மன்னிப்புக் கிடைக்கத் தொடங்கியது. அதைத் தாங்குவது பழிப்பைத் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பெரிய மச்சாள் கோழிச் சூப்போடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பிறகு வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். "பாவம், அவளுக்கு மருந்தால வந்தது. சாப்பிட்டு வந்த உடம்பில்லை." முன்பு என்னைக் கண்டால் சிரிப்பை மறைத்தவர்கள் இப்போது கண்ணைத் துடைத்தார்கள். உடம்பு அதே உடம்புதான். குளிசையை மெல்ல மெல்லத்தான் குறைக்க முடியும் என்பதால் முகம் அதே உருண்டை முகம்தான். ஆனால் அதற்கு இப்போது ஒரு காரணம் இருந்தது. காரணத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்கள்.

மனேஜரும் அதைத்தான் சொன்னார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்! வருத்தமெண்டா ஆர் என்ன சொல்லப் போகினம்? ஒரு மெடிக்கல் சேர்ட்டிபிக்கேட் எடுத்துக்கொண்டு வாங்கோ, முதலாளியோட கதைச்சு உங்களைத் திரும்ப முன்னுக்கு விடலாம்."

"மெடிக்கல் இல்லாட்டி?"

"அதுதான் இருக்கே."

"இல்லாட்டி எண்டு கேக்கிறன் சேர். நான் சும்மா சாப்பிட்டு மொத்தமானவள் எண்டா, சாவியை எடுத்துக் குடுக்க என்ர கைக்கு ஏலாதோ?"

அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் கோபத்தில கதைக்கிறீங்கள்" என்றார்.

"ஓம், கோபத்திலதான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. வீட்டில் அதற்காகச் சண்டை நடந்தது. இப்போது உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். அங்கே முன்மேசை ஒன்றுதான், பின்னறை இல்லை. சம்பளம் குறைவு.

எழும்பி நடக்க முடிந்ததும் அந்த டிஸ்பென்சரிக்குப் போனேன். என் கணவர் வேண்டாம் என்றார். தனியாகத்தான் போனேன். வரிசையில் இருந்து, என் முறை வந்ததும் உள்ளே போய், உறைகளை அவருடைய மேசையில் கொட்டினேன்.

"இது என்ன மருந்தெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவருக்கு என்னை நினைவிருந்தது. நிமிர்ந்து பார்த்தார், அதுதான் முதல் தடவை. "நீங்கள் மூச்சு விட ஏலாமல் வந்தனீங்கள். நான் மூச்சுத் தந்தனான். மெல்லிசா இருக்க வேணுமோ, உயிரோட இருக்க வேணுமோ?"

அது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அந்த முதல் நாள் அவர் இல்லாவிட்டால் நான் வாசற்படியிலேயே முடிந்திருப்பேன்.

"உயிரோட இருக்கத்தான் வேணும் டொக்டர். இது இப்பிடிச் செய்யும் எண்டு சொல்லியிருந்தா, ஓம் எண்டு விழுங்கியிருப்பன். நீங்கள் சொல்லேல்லை. சொல்லாமல் விட்டதோட நிக்கேல்லை. நீங்கள் தந்த மருந்தால வந்த உடம்பைப் பாத்து, வாயைக் கட்டு எண்டு இத்தினை பேருக்கு முன்னால சொன்னீங்கள். முகாமைக் காட்டிச் சொன்னீங்கள். அதுக்குத்தான் வந்தனான்."

"இப்ப என்ன, காசு வேணுமோ?"

"இல்லை. நான் சாப்பிட்டதால வரேல்லை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அண்டைக்குச் சொன்ன மாதிரிச் சத்தமாச் சொல்லுங்கோ."

அவர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். வெளியே வாங்கிலிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, டொக்டரோட இப்பிடிக் கதைக்கக்கூடாது" என்றார். நான் அவருக்கும் ஏதோ சொன்னேன். நல்ல வார்த்தை இல்லை. படியிறங்கும்போது கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண் பின்னால் ஓடிவந்தாள். "ராத்தா, நில்லுங்க. என்ட உம்மாவும் இங்கதான் மருந்து எடுக்கிறா. இந்தக் குளிசையா?" தன் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. எல்லாக் குளிசையும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நிறுத்த வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதுதான் என் கோபத்துக்கு உண்மையான முகவரி.

என் கணவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். என் சின்ன மச்சாள். பெரிய மச்சாளோடு அதே வீட்டில் இருக்கிறாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறாள். பாடசாலைக் காலத்திலிருந்தே அவள் பெரிய உடம்புக்காரி. வருத்தம் ஒன்றும் இல்லை. எந்த மருந்தும் எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் விசில் இல்லை. படி ஏறினால் என்னைவிட வேகமாக ஏறுவாள். நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகத் தூங்குவாள், நன்றாகச் சிரிப்பாள். நான் பழிக்கப்பட்ட காலத்தில் எங்களை இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பழித்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரு பானை காணாது" என்பார் பெரிய மச்சாள். அவள் எனக்குக் கண் சிமிட்டுவாள்.

என் வருத்தம் வெளியான பிறகு அவள் தனியாக விடப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பெரிய மச்சாள் என் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, "நீ சாப்பிடு, உனக்கு மருந்தால வந்தது" என்பார். அப்படியே திரும்பி, "உனக்கு வாயால வந்தது. நீ போடாதை" என்று தங்கையின் கோப்பையைத் தள்ளிவிடுவார். சின்ன மச்சாள் அப்போது எனக்குக் கண் சிமிட்டவில்லை. நான் அந்த அதிகப்படியான சோற்றை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னை விடுதலை செய்த அதே தீர்ப்பால் அவளுக்குத் தண்டனை கூடிவிட்டது.

அவளுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூட. அரசாங்க உத்தியோகம். அவருடைய அம்மாவும் மாமாவும் கூட வந்திருந்தார்கள். நானும் என் கணவரும் போயிருந்தோம். குசினியில் நானும் அவளும் வடையையும் கேக்கையும் தட்டில் அடுக்கினோம். அவள் தானே தைத்த மாம்பழ நிறச் சேலைச் சட்டை போட்டிருந்தாள். வடிவாக இருந்தாள். நான் அப்படிச் சொன்னேன். "அளவெடுக்கத் தெரிஞ்சவள் தைச்சது மச்சாள்" என்று சிரித்தாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டது எங்களுக்குக் கேட்டது. "பிள்ளை கொஞ்சம் உடம்புதான். ஏதும் வருத்தமோ?"

பெரிய மச்சாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓம், தைரொய்ட். குளிசை எடுக்கிறா. டொக்டர் சொன்னவர், வத்திடுமாம். சாப்பாடு ஒண்டும் இல்லை, கோழிக்குஞ்சு கொத்தின மாதிரித்தான் சாப்பிடுவா."

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆரோக்கியமான ஒரு பெண்ணை நோயாளி ஆக்கினால்தான் அவளை ஒருவருக்குக் கொடுக்க முடியும் என்று அந்தப் படித்த, நல்ல, தங்கைக்காக உயிரையும் கொடுக்கக்கூடிய பெண் நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, அது பலித்தது. மாப்பிள்ளையின் அம்மா, "ஓ, தைரொய்ட்டோ. அது இப்ப எல்லாருக்கும் இருக்குத்தானே" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சின்ன மச்சாள் என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தட்டை மேசையில் வைத்தாள். கதிரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அக்கா சொன்னது பொய். எனக்குத் தைரொய்ட் இல்லை. ஒரு வருத்தமும் இல்லை. எனக்குச் சாப்பாடு விருப்பம், சாப்பிடுறனான். எங்கட அப்பாவும் இப்பிடித்தான் இருந்தவர். நான் வத்த மாட்டன். நாளைக்கு, எங்க வத்தேல்லை எண்டு என்னைக் கேக்கக்கூடாது. அதுதான் இப்பவே சொல்லுறன்."

மாப்பிள்ளை தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இருமினார். சின்ன மச்சாள் தட்டிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்து, அவர்கள் முன்னாலேயே, அவசரப்படாமல் சாப்பிட்டாள். அவள் விழுங்கக் கஷ்டப்பட்டதை நான் பார்த்தேன். ஆனாலும் முழுத் துண்டையும் சாப்பிட்டாள்.

அவர்கள் தேத்தண்ணீர் குடித்து, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு தொடர்பு இல்லை.

வாகனம் தெரு திரும்பியதும் பெரிய மச்சாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உனக்காகத்தானே சொன்னனான்! வந்த இடத்தையும் துலைச்சுப் போட்டியே! பொய் ஒண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

"நான் குறைஞ்சு போவன் அக்கா" என்றாள் அவள். பிறகு அழத் தொடங்கினாள். சத்தமாக, பிள்ளைகள் அழுகிறமாதிரி. அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. படம் பார்த்த நாளிலிருந்து பிடித்திருந்தது என்று பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

நான் பெரிய மச்சாளைப் பார்த்துக் கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. "நான் ஆஸ்பத்திரியில கிடந்தபடியாத்தான் என்னை மனிசியா மதிக்கிறீங்கள். அவளையும் கிடத்தினால்தான் மதிப்பீங்களோ? எனக்கு அந்தக் குளிசை இல்லாமல், வெறும் சோறு திண்டு இந்த உடம்பு வந்திருந்தா, நீங்கள் சொன்னதெல்லாம் சரியாப் போயிருக்குமோ?"

"நான் என்ன கெட்டதுக்கே சொன்னனான்?" என்று அவர் அழுதார்.

"நல்லதுக்குச் சொன்னதிலதான் மச்சாள் நான் விழுந்தனான்."

என் கணவர் வழக்கம்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார், "அவள் உண்மையைத்தானே அக்கா சொன்னவள்." பெரிய வீரம் ஒன்றுமில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு வரி. ஆனாலும் அன்றைக்கு அந்த வரி எனக்குத் தேவைப்பட்டது.

இது நடந்து அதிக காலம் ஆகவில்லை. பெரிய மச்சாள் இப்போது தங்கையின் கோப்பையைத் தள்ளுவதில்லை. கோப்பையைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் படும் பாடு தெரிகிறது. மனம் மாறிவிட்டதா, எங்கள் வாய்க்குப் பயமா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் சாப்பாடு நிம்மதியாக இறங்குகிறது. என் முட்டுக்கு இப்போது இன்ஹேலர் இருக்கிறது. முகம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வயிறு அப்படியே இருக்கிறது. அது இறங்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. கேட்டால் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன்.

போன கிழமை பின்னேரம் நானும் சின்ன மச்சாளும் துணி வாங்க நகரத்துக்குப் போய்விட்டு உள்துறைமுக வீதியால் நடந்து வந்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அங்கே நிறையப் பேர் வியர்வை வடிய நடப்பார்கள். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட, முன்பின் தெரியாத ஒரு ஐயா எங்களைத் தாண்டிப் போனவர், திரும்பி நின்று முகம் மலரச் சொன்னார்:

"நல்லம் பிள்ளையள்! ஒவ்வொரு நாளும் நடவுங்கோ, வத்தும்."

"நாங்கள் பஸ்ஸுக்குப் போறம் ஐயா" என்றாள் சின்ன மச்சாள்.

அவர் விடவில்லை. "இல்லை, நல்லதுக்குத்தான் சொல்லுறன். இந்த வயசில ஏன் இப்பிடி? ஏதும் வருத்தமோ?"

நான் நின்றேன். அவருக்கு நேரே போய் நின்றேன். என்னிடம் ஒரு காரணம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் இரங்கியிருப்பார், மன்னிப்புக் கேட்டிருப்பார், வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்னைப் பற்றிப் பாவம் என்று சொல்லியிருப்பார். என் பக்கத்தில் நின்றவளிடம் அப்படி ஒன்றும் இல்லை.

"எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றேன். "உங்களுக்கு என்ன ஐயா வருத்தம்? தெருவில போற பொம்பிளையளை நிப்பாட்டிக் கேக்கிற வருத்தத்துக்கு ஆரிட்ட மருந்து எடுக்கிறீங்கள்?"

அவர் முகம் கறுத்து, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வாய்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். நாங்கள் அதற்குள் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தோம். அடுத்த பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் நின்றோம். சின்ன மச்சாள் துணிப் பார்சலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "இன்னும் ரெண்டு சொல்லியிருக்கலாம் மச்சாள்" என்றாள்.